பாசிக்குடாவில் வயது போன ஒரு பெண் குதிரை: மூட்டு விறைப்பும் நீண்டகால வலி நிவாரணமும்

பின்னணி

பாசிக்குடாக் கடற்கரையில் சுற்றுலா வருபவர்களை ஏற்றிக்கொண்டு நடந்த ஒரு பெண் குதிரையைப் பற்றியது இது. மட்டக்களப்பில் கால்நடை மருத்துவர் என்றால் மாடு, எருமை, ஆடு, கோழி இவைதான் வேலை, குதிரை எப்போதாவது ஒன்று வரும். குதிரை வைத்திருப்பவர்களுக்கும் பக்கத்தில் கேட்க ஆளில்லை, அதனால் மாட்டுக்குச் செய்வதையே குதிரைக்கும் செய்கிறார்கள். அதில் சிலது சரிவரும், சிலது குதிரைக்கு நஞ்சாகவே முடியும். அதனால்தான் இந்த ஒரு குதிரைக்கு நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை எழுதி வைக்கிறேன். ஆட்களின் பெயர்கள் வேண்டாம்.

உரிமையாளர் கல்குடாப் பக்கம் ஆள், ஐம்பது வயதைத் தாண்டியவர். சில வருடங்களுக்கு முன் மலையகத்திலிருந்து இரண்டு குதிரைகளை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார். ஒன்று இந்தப் பெண் குதிரை, மற்றது அதைவிட இளைய, காயடித்த ஆண் குதிரை. இரண்டையும் பார்த்துக்கொள்வது ஒரு தம்பி. கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரைதான் சவாரி உழைப்பு. மாரியில் வருமானம் இல்லை, தீவனச் செலவு மட்டும் அப்படியே இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் இந்தக் கணக்கு கூடவே இருந்தது.

ஆவணி மாதம், கச்சான் என்ற வறண்ட வெப்பக் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம், சீசன் உச்சத்தில் இருந்தது. முதுகில் ஒரு பிள்ளையோடு போன குதிரை நடுவழியில் நின்றுவிட்டது, இழுத்தும் அசையவில்லை. என்னைக் கூப்பிட்ட உரிமையாளர் சொன்னது இதுதான்: "வயசு போயிற்று டொக்டர், வேற ஒண்டுமில்ல. ஒரு ஊசி போட்டு விட்டா இந்த சீசன் ஓடிரும்."

முதல் நாள் பார்த்தவை

வாங்கும்போது பதினைந்து வயது என்று சொல்லியிருந்தார்களாம். பல்லைப் பார்த்தேன். மேல் வரிசை ஓரப் பல்லில் ஒரு நீளப் பள்ளம் பத்து வயதளவில் ஈறோரம் தொடங்கும், இருபதளவில் பல்லின் நுனி வரை இறங்கும், அதற்குப் பிறகு மேலிருந்து மறையத் தொடங்கும். இதற்கு மறையத் தொடங்கியிருந்தது. இந்த முறை துல்லியமானது அல்ல, ஆனாலும் இருபதைத் தாண்டியிருக்கும் என்று சொல்ல அது போதும்.

தராசு கிடையாது, தையல்காரர் வைத்திருக்கும் நாடாவால் அளந்தோம். நெஞ்சுச் சுற்றளவு 160 சென்ரிமீற்றர், தோள் முனையிலிருந்து புட்ட முனை வரை நீளம் 150. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் பிரித்தால் ஏறக்குறைய 323 கிலோ. எந்த மருந்தும் கொடுக்கும் முன் இந்தக் கணக்கு வேண்டும், கண்ணால் பார்த்து நிறை சொல்வது குதிரையில் பெரும்பாலும் பிழைக்கும். உடல் நிலையை 1 முதல் 9 வரை பார்க்கும் அளவுகோலில் இதற்கு 3 கொடுத்தேன். விலா எலும்பு தெரிந்தது, வால் அடியில் சதை வற்றியிருந்தது.

நடக்கவிட்டுப் பார்த்தோம். காலையில் முதல் கால் மணி நேரம் அடி குட்டையாக வைத்தது, பிறகு கொஞ்சம் இளகியது. பின்னங்கால் குளம்புகளை மண்ணில் இழுத்தது, அதனால் குளம்பின் முன்விளிம்பு தேய்ந்து சப்பையாகியிருந்தது. இடது பக்கம் வட்டமாகத் திருப்பினால் இடது பின்னங்கால் நன்றாகவே நொண்டியது. பின்காலைத் தூக்கவிடாமல் இழுத்துக்கொண்டது. முதுகுச் சேணத்தின் வாரை இறுக்கப் போனால் காதைப் பின்னுக்குச் சாய்த்துக் கடிக்க வந்தது. அதற்குப் பெயர் "கோபக்காரி". வலிக்கிற குதிரை சத்தம் போடாது, இப்படித்தான் காட்டும்.

இவற்றைவிட என் கண்ணில் பட்டது இரண்டு விஷயம். முன்னங்கால்களில் குளம்புக்கு மேலே உள்ள மூட்டின் முன்பக்கம் பழைய தழும்பும் புதுக் காயமுமாக இருந்தது. மற்றது, விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது ஆண் குதிரையின் விலாவெல்லாம் மண்ணும் உமியும் ஒட்டியிருந்தது, இதன் விலாவில் ஒன்றுமே இல்லை.

தம்பியிடம் கேட்டேன், இது படுக்கிறதா என்று. "இது படுக்கிறல்ல டொக்டர், குதிர நிண்டுதானே நித்திர கொள்ளும்" என்றார். பலரும் நம்புவது அதுதான், பாதி உண்மையும்கூட. குதிரையின் கால் மூட்டுகள் பூட்டிக்கொள்ளும் அமைப்பு உடையவை, அதனால் நின்றபடி கண்ணயர முடியும். ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும், வளர்ந்த குதிரைக்கு ஒரு நாளைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரமாவது அது தேவை. மூட்டு வலியால் படுக்கவும் எழும்பவும் பயப்படுகிற குதிரை நாள்கணக்கில் படுக்காமல் நிற்கும், கடைசியில் நின்ற நிலையில் தூக்கம் அமுக்கி முன்னங்கால் மடிந்து விழப் பார்க்கும், திடுக்கிட்டு எழும்பும். அப்படி விழுவதால் வந்ததுதான் அந்தக் காயங்கள். இந்தக் குதிரை எத்தனை மாதம் சரியாகத் தூங்காமல் பிள்ளைகளைச் சுமந்ததோ, அதை நினைத்தால் இப்போதும் மனது கனக்கிறது.

என்ன கொடுத்திருந்தார்கள்

இதைக் கேட்டு வாங்க நேரம் எடுத்தது, யாரும் மறைக்க நினைத்து அல்ல, கொடுத்தது மருந்தென்றே அவர்கள் எண்ணவில்லை. சவாரி கூடிய நாட்களில் பார்மசியில் வாங்கிய டிக்ளோபெனக் என்ற வலிக் குளிசைகளைத் தவிட்டோடு கலந்து கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல், மாட்டுக்கு ஊசி போடுகிற ஒருவர் வந்து இரண்டு தடவை டெக்ஸாமெதசோன் போட்டிருக்கிறார். போட்ட அன்று குதிரை நன்றாக நடந்ததாம். நடக்கத்தான் செய்யும், அது ஸ்டீரொயிட். ஆனால் ஸ்டீரொயிட்டும் வலி மாத்திரையும் ஒரே நேரத்தில் உடம்பில் இருந்தால் இரைப்பையிலும் குடலிலும் புண் வரும் ஆபத்து பெருகும், வயதான குதிரையில் ஸ்டீரொயிட் குளம்பழற்சியையும் கிளப்பிவிடலாம்.

நோயை முடிவு செய்த விதம்

கையில் எக்ஸ்ரே இல்லை. பேராதனையில் குதிரை பார்த்துப் பழகிய ஒரு மூத்த மருத்துவரோடு தொலைபேசியில் கதைத்து, அவருக்கு வீடியோக்களை அனுப்பி, ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்தோம்.

முதலில் குளம்பழற்சி. அது என்றால் குளம்பு சூடாக இருக்கும், குளம்புக்கு மேலே நாடித் துடிப்பு விரலை அடிக்கும், குதிரை பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கும். இதில் மூன்றும் இல்லை. குளம்பில் சீழ் இருக்கிறதா என்று தட்டியும் அழுத்தியும் பார்த்தோம், இல்லை. பின்னங்காலின் நடு மூட்டை, அதாவது மனிதருக்குக் குதிகால் இருக்கும் இடத்துக்குச் சமமான மூட்டை, ஒரு நிமிடம் மடித்துப் பிடித்து விட்டு உடனே ஓடவிட்டால் இரண்டு பக்கமும் நொண்டல் கூடியது, இடது பக்கம் மோசம். வலது முன்னங்கால் முட்டி தடித்திருந்தது, முழுதாக மடியவில்லை. முதுமையில் வரும் மூட்டுத் தேய்வு, பல மூட்டுகளில். இதுதான் எங்கள் முடிவு.

ஆனால் அது மட்டும்தானா என்ற சந்தேகம் தீவனத்தைப் பார்த்தபோது வந்தது, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

இரத்தம் எடுத்து ஒரு ஆய்வுகூடத்தில் கிரியற்றினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), மொத்தப் புரதம், அல்புமின் மூன்றும் பார்த்தோம். கிரியற்றினின் மேல் எல்லையில் நின்றது, மற்றவை பரவாயில்லை. இந்த முதல் அறிக்கை பின்னால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

சவாரியை நிறுத்தியது

எடுத்த முடிவுகளில் கடினமானது இதுதான், மருந்து அல்ல. "மருந்து குடுத்தா ஓடும்தானே டொக்டர்?" என்று உரிமையாளர் கேட்டார். ஓடும். வலி தெரியாமல் தேய்ந்த மூட்டில் ஆளைச் சுமந்து ஓடும், இன்னும் வேகமாகத் தேயும், அடுத்த வருடம் அதே மருந்து இரட்டிப்பாக வேண்டும். வலி மருந்து என்பது குதிரை நிம்மதியாக நிற்க, படுக்க, மேய என்றுதான் கொடுப்பது, உழைப்பை நீட்டிக்க அல்ல என்று நான் அவருக்கு நேராகவே சொன்னேன்.

கணக்கையும் காட்டினேன். சேணத்தோடு சேர்த்து ஆளின் நிறை குதிரையின் நிறையில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 323 கிலோக் குதிரைக்கு அது 65 கிலோ, அதுவும் ஆரோக்கியமான குதிரைக்கு. இதன் முதுகில் ஏறியவர்களில் எண்பது, தொண்ணூறு கிலோ ஆட்களும் இருந்திருக்கிறார்கள்.

அவர் அன்று ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்துத் தானே தொலைபேசியில் கோல் எடுத்து, இதை நிறுத்துகிறேன், ஆனால் பக்கத்தில் நின்று படம் எடுக்க விடலாமா என்று கேட்டார். நிழலில், காலையும் பின்னேரமும் மட்டும் என்றேன். சவாரி முழுக்க ஆண் குதிரைக்குப் போனது, அதற்கும் நிறை எல்லை வைத்தோம்.

மருந்து

முதல் வேலை, உடம்பில் உள்ளது வெளியேற விடுவது. ஐந்து நாள் எந்த வலி மருந்தும் இல்லை. அந்த நாட்கள் குதிரைக்கும் தம்பிக்கும் கஷ்டமாக இருந்தன, கடல் தண்ணீரில் நிறுத்தி வைத்தும் நிழலில் கட்டியும் சமாளித்தோம். மீதியிருந்த டிக்ளோபெனக் பெட்டியை நான் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு மெலொக்சிகாம் என்ற வலி மருந்து. குதிரைக்கு நாளுக்கு ஒரு தடவை கிலோவுக்கு 0.6 மில்லிகிராம், அப்படியென்றால் இதற்கு 194 மில்லிகிராம். கிடைத்தது மனிதருக்கான 15 மில்லிகிராம் குளிசை, 13 குளிசை 195 ஆகிறது. அதைப் பொடித்து ஊறவைத்த கொள்ளோடு பிசைந்து கொடுத்தோம். உலகம் முழுக்கக் குதிரைக்கு அதிகம் பயன்படுவது பினைல்பியூட்டசோன், ஆனால் அதில் பயன் தரும் அளவுக்கும் கேடு செய்யும் அளவுக்கும் இடைவெளி குறைவு, வயதான, மெலிந்த, சிறுநீரகம் எல்லையில் நிற்கிற ஒரு குதிரைக்கு நாங்கள் அதை விரும்பவில்லை.

மெலொக்சிகாமும் பாதுகாப்பான மருந்து என்று யாரும் நினைக்கவேண்டாம். இந்த வகை மருந்துகள் எல்லாமே உடம்பில் ஒரு இரசாயனத்தைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன, அதே இரசாயனம்தான் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், தண்ணீர் குறைந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கு இரத்தம் போக வைப்பதும். கச்சான் காலத்தில் வியர்த்துத் தண்ணீர் வற்றிய குதிரைக்கு இதைக் கொடுப்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் மருந்துக்கு முன் தண்ணீர் என்று சட்டம் போட்டோம். ஒரு வாளி இருந்த இடத்தில் நிழலில் பெரிய தொட்டி வைத்தோம், பின்னேரம் மட்டத்தைப் பார்த்துக் குறித்தோம். தண்ணீர் குறையாத நாளில் மருந்து இல்லை, எனக்கு கோல் வரவேண்டும். சாப்பாட்டை விட்டாலோ, சாணம் இளகினாலோ, சிறுநீர் கறுத்தாலோ அதே.

முழு அளவு 14 நாள், மருந்தில் குறிப்பிடும் எல்லையும் அதுதான். அதற்கு மேல் போவது மருத்துவர் கண்பார்வையில், இரத்தம் பார்த்துப் பார்த்து, வேலை செய்கிற மிகக் குறைந்த அளவுக்கு இறக்கித்தான்.

குளம்பு, தரை, நடை

மட்டக்களப்பில் லாடம் அடிப்பவர் கிடையாது. குளம்புகள் நீண்டு முன்னுக்குத் தள்ளியிருந்தன, அப்படி இருந்தால் ஒவ்வொரு அடியிலும் மூட்டு கூடுதலாக வளைய வேண்டும். மலையகத்திலிருந்து ஒருவரை வரவழைத்து லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவினோம், ஒரேயடியாக அல்ல, கொஞ்சமாக. அவர் தம்பிக்கு அரம் பிடிக்கவும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். ஆறு கிழமைக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டோம். பின்காலை உயரத் தூக்காமல், தரையோடு ஒட்டி ஒரு மரக்கட்டையில் வைத்துச் சீவினால் குதிரை நின்றது. இந்தச் சின்ன மாற்றத்துக்குப் பிறகு அது ஒரு தடவையும் உதைக்கவில்லை.

தொழுவம் சீமெந்துத் தரை, மேலே கைப்பிடி உமி. ஓட்டமாவடிப் பக்கத்து ஆலையிலிருந்து உமி மூட்டை மூட்டையாக வந்தது, கீழே மணல் நிரப்பி மேலே ஒரு முழ உயரத்துக்கு உமி போட்டோம். இடத்தையும் அகலமாக்கினோம். படுக்கவும் எழும்பவும் முன்னால் கால் நீட்ட இடம் வேண்டும், சுவரோரம் ஒடுங்கிய இடத்தில் மூட்டு வலிக்காரக் குதிரை படுக்கத் துணியாது.

நடை. நின்றால் விறைக்கும், அதனால் கட்டிப் போட்டு ஓய்வு கொடுப்பது சரியல்ல. ஆனால் காய்ந்த ஆழமான மணலில் நடப்பது தசைநாருக்குப் பெரிய பாரம். அலை வந்து போகும் இறுகிய ஈர மணலில், கையில் பிடித்து, காலையும் மாலையும் நடை. பாசிக்குடாவின் வரம் என்னவென்றால் கடல் வெகுதூரம் வரை ஆழமில்லாமல், அலையில்லாமல் கிடக்கும். வயிறு தொடும் ஆழத்தில் நடத்தினால் தண்ணீர் உடம்பைத் தாங்கும், மூட்டில் பாரம் குறையும், தசை மட்டும் வேலை செய்யும். வெளிநாட்டில் இதற்கென்று தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். வெளியே வந்ததும் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிட வேண்டும், குறிப்பாகக் காயம் உள்ள இடத்தில்.

தீவனம்

இந்தப் பகுதியைக் கிழக்கில் குதிரை வைத்திருக்கும் யாரும் தாண்டிப் போகவேண்டாம்.

நெல் விளையும் ஊர், தவிடு மலிவு. இந்தக் குதிரைக்கு வயிறு நிறைய அரிசித் தவிடும் நேப்பியர் இனமான சீஓ-3 புல்லும்தான் சாப்பாடு. அரிசித் தவிட்டில் கல்சியத்தைவிடப் பொசுபரசு பல மடங்கு. குதிரைக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு, கல்சியம் பொசுபரசுக்குக் குறைந்தது சமமாகவாவது இருக்கவேண்டும், ஒன்றரை, இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. பொசுபரசு கூடினால் உடம்பு எலும்பிலிருந்து கல்சியத்தை உருவி எடுக்கும். நேப்பியர் இனப் புற்களிலும் வேறு சில வெப்பவலயப் புற்களிலும் ஒக்சலேற் இருக்கிறது, அது தீவனத்தில் உள்ள கொஞ்சக் கல்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஒக்சலேற்றை உடைத்துவிடும், குதிரைக்கு அந்த இரைப்பை இல்லை. இதனால் குதிரைக்கு வருவது கால் மாறி மாறி நொண்டல், விறைப்பு, மெலிவு, முற்றினால் முகத்து எலும்பு வீங்கும். முதுமை மூட்டு வலி போலவே இருக்கும். இந்தக் குதிரையின் முகம் வீங்கவில்லை, ஆனால் விறைப்பில் ஒரு பங்கு இதனால் என்பது என் உறுதியான எண்ணம், ஏனென்றால் தீவனம் மாறிய பிறகு மருந்தைக் குறைக்க முடிந்தது.

தவிட்டைக் கைப்பிடி அளவுக்குக் குறைத்தோம், ஊறவைத்த கொள்ளு கூட்டினோம், வாய்க்கால் ஓரத்துச் சாதாரணப் புல்லைக் கலந்தோம், சுண்ணாம்புக்கல் மாவு தினமும் அளந்து சேர்த்தோம். கடைவாய்ப் பற்களின் கூர்முனைகளை அராவிவிட்டேன், அதுவரை பாதிப் புல்லை மென்று உருட்டித் துப்பிக்கொண்டிருந்தது.

இன்னொன்று. வேலியில் நின்ற இபில் இபில் கொப்புகளை, ஆட்டுக்குப் போடுவதுபோலத் தம்பி இதற்கும் போட்டு வந்தார். அதில் உள்ள மிமோசின் என்ற நச்சு குதிரையின் பிடரி மயிரையும் வால் மயிரையும் உதிர்த்துவிடும், குளம்பையும் கெடுக்கும். இதன் வால் மயிர் மெலிந்திருந்ததற்குக் காரணம் அதுதான். நிறுத்திய பிறகு மயிர் திரும்ப வந்தது.

ஆறாவது கிழமை வரை

மருந்து தொடங்கி இரண்டாவது கிழமை ஒரு விடியலில் தம்பி படம் அனுப்பினார், குதிரையின் இடது விலா முழுக்க உமி. "படுத்திரிக்கி டொக்டர்" என்று கீழே எழுதியிருந்தார். அன்றிலிருந்து விலாவில் உமி இருக்கிறதா இல்லையா என்பதையே அளவுகோலாக வைத்துக்கொண்டோம். தினமும் காலையில் கலண்டரில் ஒரு குறி. நடையைப் பார்த்து நொண்டலை மதிப்பிட அனுபவம் வேண்டும், உமியைப் பார்க்க யாராலும் முடியும். 13 குளிசையை 10 ஆக்கினோம், படுத்தது. 8 ஆக்கினோம், படுத்தது. 6 ஆக்கியபோது நான்கு நாள் தொடர்ந்து விலா சுத்தமாக இருந்தது. மறுபடியும் 8. அதுதான் இதன் அளவு என்று தெரிந்தது. முன்னங்கால் காயங்கள் ஆறின, புதியவை வரவில்லை.

ஆறாவது கிழமையில் சாணம் இளகியது, குதிரை தலையைத் தொங்கப் போட்டது. மருந்தை அன்றே நிறுத்தினோம். இந்த மருந்துகள் பெருங்குடலில் புண் உண்டாக்குவது தெரிந்த விஷயம், அப்படியானால் அல்புமின் இறங்கும். இரத்தம் எடுத்தோம், முதல் அறிக்கையோடு ஒப்பிட்டால் மாற்றமில்லை, கிரியற்றினின் கொஞ்சம் இறங்கியும் இருந்தது. அப்புறம் சாணத்தில் ஒரு கைப்பிடியைத் தண்ணீர் நிரப்பிய, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் போத்தலில் போட்டுக் குலுக்கி வைத்தோம். சிறிது நேரத்தில் அடியில் விரல் தடிப்புக்கு மணல்.

புல்லை மணல் தரையில் போட்டுக் கொடுத்ததால் ஒவ்வொரு வாயோடும் மணல் போயிருக்கிறது. இசப்பகோலும் மக்னீசியம் சல்பேற்றும் சேர்த்து, மூக்கு வழிக் குழாயால் நான்கு நாள் கொடுத்தேன், இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியே கொடுப்பதைவிட மணலை நன்றாக வெளியேற்றும். தீவனத்தை ரப்பர் விரிப்பின் மேல் வைத்த தொட்டிக்கு மாற்றினோம். சாணம் இறுகியதும் மெலொக்சிகாம் 8 குளிசையில் திரும்பத் தொடங்கியது.

முதல் மாரி

மட்டக்களப்புக்கு வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையில்தான். நடை நின்றது. தொழுவத்தில் நின்றபடி நின்று விறைப்பு திரும்ப வந்தது, வாடைக்காற்றுக் காலத்தில் அளவை 11 வரை ஏற்ற வேண்டியிருந்தது. நனைந்த உமி பூஞ்சணம் பிடிக்கும், மாற்ற உலர்ந்த உமி கிடைக்காது. மழை விட்ட இடைவெளிகளில் தென்னந்தோட்டத்து மேட்டுப் பாதையில் சும்மா கூட்டிக்கொண்டு போய் வந்தார் தம்பி, சில நாள் அது பத்து நிமிடம்தான், ஆனாலும் அந்த நாட்களில் குதிரை படுத்தது. மாசி வந்ததும் அளவு மறுபடி 8க்கு இறங்கியது.

அந்த மாரியில்தான் நான் கேட்க விரும்பாத ஒரு கேள்வியை உரிமையாளரிடம் கேட்டேன். எப்போது போதும்? அவருக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் பெரியவர்கள், வாயில்லாச் சீவனைக் கொல்வது பாவம் என்றார்கள். நான் அவர்களோடு வாதாடவில்லை. அது எழும்ப முடியாமல் விழுந்து கிடந்தால், எனக்கு வந்துசேர வழியில்லாமல் பாதை தண்ணீருக்குள் இருந்தால், அந்த இரவை யார் பார்த்துக்கொண்டிருப்பது என்று மட்டும் கேட்டேன். கடைசியில் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதித் தொழுவச் சுவரில் ஒட்டினோம்: முழு அளவு மருந்திலும் ஒரு கிழமை படுக்காமல் நின்றால், ஆள் பிடித்துத் தூக்கினால்தான் எழும்பும் நிலை இரண்டாவது தடவை வந்தால், இரண்டு நாள் கொள்ளைத் தொடாவிட்டால். இதில் எது வந்தாலும் அன்றைக்கு அழுதுகொண்டு யோசிக்கத் தேவையில்லை.

இரண்டாவது கோடையும் முடிவும்

அடுத்த கோடை நல்ல கோடை. உடல் நிலை 5க்கு வந்தது, மயிர் பளபளத்தது. கடலுக்குள் இறங்கும்போது தானாக முன்னால் போகும். வார் இறுக்க ஆளில்லை, அதனால் கோபக்காரி என்ற பெயரும் போய்விட்டது, பிள்ளைகள் கழுத்தைத் தடவ நின்று கொடுத்தது.

புரட்டாதியில் இடது பின்னங்கால் மோசமானது. அளவை 13க்கு ஏற்றினோம், பரசிற்றமோலும் சேர்த்துப் பார்த்தோம். சில நாள் உமி இருந்தது, பிறகு இல்லை. முன்னங்கால் மூட்டில் புதுக் காயம் வந்தது. ஒரு காலை விழுந்து கிடந்தது, ஆறு பேர் சேர்ந்து கயிறு போட்டுத் தூக்கி நிறுத்தினார்கள். அடுத்த கிழமை மறுபடியும் அதே. உரிமையாளர் கோல் எடுத்து, தாளில் எழுதினது வந்துவிட்டது டொக்டர் என்றார்.

மழைக்கு இன்னும் சில கிழமை இருந்தது. காத்திருக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது, நாங்கள் காத்திருக்கவில்லை. காரணம் இரண்டு. மாரியில் அது எப்படியும் இதைவிட மோசமாகும். மற்றது, கரையோரத்தில் மழைக்காலத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர், குதிரையைப் புதைக்க இடமிருக்காது. கருணைக்கொலை மருந்து உடம்பில் உள்ள விலங்கை ஆழமாகப் புதைக்காவிட்டால் தோண்டித் தின்னும் நாயும் பருந்தும் செத்துப்போகும். மேட்டு நிலத்தில், கிணறுகளுக்குத் தூரமாக, ஜேசிபியால் முதலே குழி வெட்டினோம். மயக்க ஊசி போட்டு, அது ஆழ்ந்த பிறகு கடைசி மருந்து. தம்பி தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். குதிரைக்கு வலி தெரியவில்லை.

முதல் தடவை பார்த்த நாளிலிருந்து ஏறக்குறைய பதினான்கு மாதம். அதில் பெரும்பகுதியில் அது படுத்துத் தூங்கியது.

அடுத்த குதிரைக்கு மாறுபவை

ஆண் குதிரை இருக்கிறது, அதற்கும் வயது ஏறுகிறது. அதற்கு இப்போதே மாதம் ஒரு தடவை ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் நடை வீடியோ எடுக்கிறோம். பெண் குதிரைக்கு முதல் நாள் எடுத்தது என் கைத்தொலைபேசியில் இருந்த ஒரு துண்டுதான், முன்னேற்றத்தை ஒப்பிட அது போதவில்லை. மணல் சோதனை இனி மாதாந்தம், சாணம் இளகிய பிறகு அல்ல. தவிடு அளவும் சுண்ணாம்புக்கல் மாவும் இதற்கும் அதேபோல்.

எக்ஸ்ரே கருவியைக் கொண்டுவரக்கூடியவர்களை வலி தொடங்கும் கட்டத்திலேயே கேட்பேன். எந்த மூட்டு எவ்வளவு தேய்ந்தது என்று தெரிந்திருந்தால் இடது பின்னங்கால் மூட்டுக்குள் ஊசி போடும் வழியையும் யோசித்திருக்கலாம், வாய்வழி மருந்தின் அளவு அதனால் குறைய வாய்ப்பிருந்தது.

மாரிக்கான உமியைப் புரட்டாதியிலேயே வாங்கித் தார்ப்பாயில் மூடி வைப்பது, மழைநாளில் நடக்கக் கூரை போட்ட ஒரு நீளத் தாழ்வாரம், இவை இரண்டும் செலவுதான். உரிமையாளர் உமியை இந்த வருடமே வாங்கிவிட்டார். தாழ்வாரத்துக்குத் தென்னங்குற்றிகள் வந்து இறங்கியிருக்கின்றன, கூரை ஓலையா தகரமா என்பதில் அவருக்கும் தம்பிக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை. தகரத்தில் மழை விழும் சத்தத்துக்குக் குதிரை மிரளும் என்று தம்பி சொல்கிறார், நானும் ஓலைக்குத்தான்.